கோரிக்கை மனுவிலிருந்து அரசாணை வரை: மாவட்டத் தொழில் சங்கங்கள் அரசுடன் பேசுவதற்கான முழு வழிகாட்டி

தொழில் சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆனவர் முதல் மாதத்திலேயே செய்யும் காரியம் ஒன்று உண்டு. பதினெட்டு அம்சக் கோரிக்கை மனுவைத் தட்டச்சு செய்து, அமைச்சர் ஊருக்கு வரும் நாளில் சால்வையோடு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். மனு செயலகம் போய், துறைக்குப் போய், மாவட்டத் தொழில் மையத்துக்கு இறங்கி வரும். கடைசியில் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற முத்திரையோடு சங்கத்துக்கே ஒரு நகல் வந்து சேரும். கதை அங்கே முடியும்.

அந்தச் சுற்றை எப்படித் தவிர்ப்பது என்று வரிசைப்படி எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் மாவட்ட நடைமுறையை மனதில் வைத்தது இது. விளக்குவதற்கு ஒரே பிரச்சினையைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: உலோகத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் சிறு பவுண்டரிகளில் மலைபோல் தேங்கும் கழிவு மணல். உங்கள் ஊரில் அந்த இடத்தில் தென்னைநார்த் துகள் இருக்கலாம், ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் இருக்கலாம், சோதனைக்கூடம் இல்லாத குறை இருக்கலாம். படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளரிடம் வருடாவருடம் போக வேண்டும். நாலைந்து வருடம் விட்டுப்போன சங்கங்கள் நிறைய. பேச்சுவார்த்தை நன்றாகப் போய், ஒரு குழுவுக்கு உங்கள் பெயரைப் போடலாம் என்று அதிகாரி நினைக்கும் நேரத்தில்தான் இது வெளியே வரும்.

அடுத்தது உறுப்பினர்களின் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு. எந்தத் திட்டமாக இருந்தாலும் பயனாளிகளை அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன: முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம்; 25 கோடி, 100 கோடிக்குள் இருந்தால் சிறு நிறுவனம். பழைய வகைப்பாட்டையே பலர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். புதிய சான்றிதழை அச்சிட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள்.

மூன்றாவது, ஆள். வாரத்தில் இரண்டு அரைநாள் இதற்கென்று ஒதுக்கக்கூடிய ஒருவர் வேண்டும். பட்டறை முதலாளிகளால் அது முடியாது. டெலிவரி நாளில் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளரோ, அரசுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்தவரோ ஊரில் இருப்பார். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று தெரிந்த ஒருவருக்குச் சிறு மதிப்பூதியம் கொடுப்பது, சங்கம் செய்யும் செலவுகளிலேயே உருப்படியானது.

2. முதலில் நமக்குள் பேசி முடிப்பது

அரசிடம் போவதற்கு முன் சங்கத்துக்குள் ஒருமித்த கருத்து வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். கூட்டத்தில் கலெக்டர் முன்னால் இரண்டு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினால் அந்த விஷயம் அன்றோடு போயிற்று. ‘நீங்களே பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்ல அவருக்கு வசதியாகிவிடும்.

ஏன் முரண்பாடு வருகிறது? பெரிய பவுண்டரியில் மணலை மீட்டுப் பயன்படுத்தும் சொந்த இயந்திரம் இருக்கும். கழிவு மணல் அவருக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் சங்கத் தலைவராக அவர்தான் இருப்பார். வாரத்தில் மூன்று நாள் உலை போடுகிறவருக்கு, லோடு ஏற்றிக் கொட்ட இடம் இல்லாமல் தொழிலே நிற்கிறது. தலைவரின் முதல் கோரிக்கை புறவழிச்சாலை. சிறியவரின் முதல் கோரிக்கை மணல். வாக்கெடுப்பு வைத்தால் பெரும்பாலும் பெரிய குரல்தான் ஜெயிக்கும்.

அதனால் கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். உறுப்பினர்களை அளவு வாரியாகப் பிரித்து, அவரவர் இடத்துக்கே போய் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘போன வருடம் எந்தக் காரணத்தால் ஆர்டரை விட்டீர்கள்?’ ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் மானியம் என்பார்கள். ஆர்டர் ஏன் போனது என்று கேட்டால்தான் உண்மையான காரணம் வரும்.

வந்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கட்டாயமானால் இரண்டு. மூன்று கேள்விகளால் சலித்துப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைத் தொடுகிறதா? தீர்க்கும் அதிகாரம் ஒன்றிரண்டு அலுவலகங்களுக்குள் இருக்கிறதா? ஒரு வருடத்துக்குள் ஏதாவது கண்ணுக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்வி முக்கியம். முதல் முயற்சியில் ஒரு பலன் தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வர மாட்டார்கள்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். கழிவு மணல் கொட்டப்படும் ஊராட்சியின் தலைவர், பக்கத்துத் தோட்டக்காரர்கள், தொழிலாளர் சங்கத்துக்காரர். இவர்களைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால், எல்லாம் கைகூடும் நேரத்தில் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கு வந்து நிற்கும்.

3. அளந்து எடுப்பது

‘கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளோம்’ என்ற வாக்கியத்தை எந்த அதிகாரியும் கோப்பில் எழுத முடியாது. அவர் மேலே அனுப்பும் குறிப்பில் எண் வேண்டும். அந்த எண்ணை நாம் கொடுக்காவிட்டால் அவரிடம் இருக்கும் பழைய எண் போகும். அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது.

விற்றுமுதலைக் கேட்டால் முதலாளிகள் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பாதிதான் நிஜம். ரூபாயை விட்டுவிட்டு நேரத்தையும் எடையையும் தூரத்தையும் கேளுங்கள். மாதம் எத்தனை டன் வார்ப்பு? எத்தனை லோடு புது மணல் உள்ளே வருகிறது, எத்தனை லோடு வெளியே போகிறது? கொட்டுமிடம் எத்தனை கிலோமீட்டர்? கொட்ட இடம் கிடைக்காமல் எத்தனை நாள் உலை போடவில்லை? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வரும். ரூபாய்க் கணக்கை நாமே பிறகு போட்டுக்கொள்ளலாம்.

எல்லா உறுப்பினர்களிடமும் எடுக்க வேண்டியதில்லை. அளவு வாரியாகக் கலந்து முப்பது, நாற்பது பட்டறைகள் போதும். ஒரே மாதத்துக் கணக்கை எடுக்காதீர்கள். மழைக்காலமும் ஆர்டர் மந்தமும் படத்தை மாற்றிவிடும். பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதை வாங்கி வைத்தால், உற்பத்தி ஏறி இறங்கியதற்கு அதுவே சாட்சி.

பக்கத்துப் பொறியியல் கல்லூரியையோ பாலிடெக்னிக்கையோ இதில் சேர்ப்பது நல்லது. சங்கம் தானே எடுத்த கணக்கு என்றால் ‘அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்’ என்ற பேச்சு வரும். துறைத்தலைவர் கையெழுத்திட்ட அறிக்கைக்கு அந்தப் பேச்சு வராது. தனிப் பட்டறையின் பெயர் வெளியே வராது என்று எழுத்தில் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

4. அதிகாரம் யாரிடம் என்று பிரிப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கலெக்டர் நினைத்தால் எல்லாம் நடக்கும் என்று நம்புவார்கள். கலெக்டரால் நடப்பவை நிறைய உண்டு: ஊராட்சி, நெடுஞ்சாலை, வருவாய், மின்வாரியம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத துறைகளை ஒரே மேசையில் உட்கார வைப்பது, புறம்போக்கு நிலத்தை அடையாளம் காட்டச் சொல்வது, தேங்கிய அனுமதிகளைத் தள்ளிவிடுவது. ஆனால் கட்டணமும் விதியும் அவர் கையில் இல்லை.

மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 10 முதல் உயர்ந்த கட்டணத்தில் நிலையான கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் சிறுதொழில்களை அழுத்தின. பல மாவட்டங்களில் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சலுகை கொடுக்க விரும்பும் மாநில அரசு, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி அந்தத் தொகையைத் தானே ஏற்க வேண்டும். தாழ்வழுத்தத் தொழிற்சாலைகளுக்கு உச்சநேரக் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது 2023-இல். முடிவு பிறந்த இடம் சென்னை. மாவட்டச் சங்கம் இதில் செய்ய முடிந்தது, தன் உறுப்பினர்களின் ரசீதுகளைத் தொகுத்து மாநிலக் கூட்டமைப்பின் கையில் கொடுப்பது, ஆணையம் நடத்தும் பொதுக் கருத்துக்கேட்பில் எழுத்து மூலம் பதிவு செய்வது. அந்த இரண்டும் மனுவைவிட வலுவானவை.

மாசுக்கட்டுப்பாட்டிலும் இதே குழப்பம். மாசின் அளவைப் பொறுத்து எந்தத் தொழில் சிவப்பு, எது ஆரஞ்சு, எது பச்சை, எது வெள்ளை என்ற வகைப்பாட்டுக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சட்டகம் போடுகிறது. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் ‘எங்கள் தொழிலைப் பச்சைக்கு மாற்றுங்கள்’ என்று கேட்டால் அவர் சிரித்துத் தேநீர் கொடுத்து அனுப்புவார். தொழிற்சாலையை இயக்க வாரியம் தரும் அனுமதியான இயக்க இசைவாணையின் நிபந்தனையில் ஒரு திருத்தம், ஒரு சோதனை ஓட்டத்துக்கான பரிந்துரை என்று கேட்டால் அவரால் மேலே எழுத முடியும்.

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: மாவட்டத்தில் முடிவது, சென்னையில் முடிவது, டெல்லியில் முடிவது. கழிவு மணலை அதில் உடைத்துப் பார்த்தால் கொட்டுமிடம் மாவட்டம்; மணல் மீட்பு நிலையத்துக்குச் சிட்கோ (மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) மனையும் இசைவாணையும் சென்னை; உறுப்பினர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையத்துக்கான மத்திய மானியம் டெல்லி. ஒரே பிரச்சினைக்கு மூன்று கடிதங்கள் வேண்டும். ஒரே மனுவில் மூன்றையும் எழுதியதால்தான் அது சுற்றிச் சுற்றி வந்தது.

5. சட்டத்திலேயே வழி இருந்தால் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம்

பெரிய நிறுவனம் பாக்கி வைத்திருக்கிறது என்ற புகார் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை அதிகபட்சம் 45 நாளில் கொடுக்கச் சொல்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி. விசாரிக்கச் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் வசதியாக்கக் கவுன்சில்கள் இருக்கின்றன. அங்கே போகச் சொல்லி வழிகாட்டுங்கள். தனிப் புகார்கள் மேசையில் ஏறினால் பொது விஷயத்துக்கு நேரம் இராது.

6. கேட்பதற்கு முன் சிறிதாகச் செய்து காட்டுவது

புதிய முறை ஒன்றை அனுமதியுங்கள் என்று கேட்கும்போது, அதிகாரியின் பயம் ஒன்றுதான்: நாளைக்குத் தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ யார் பதில் சொல்வது? அந்தப் பயத்தைப் பேசிப் போக்க முடியாது. ஒரு இடத்தில் ஓட்டிக் காட்டிய கணக்குதான் போக்கும்.

திருப்பூர் இதற்கு நல்ல பாடம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. நொய்யல் ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவுநீர்கூடப் போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லை. எதிர்சவ்வூடு பரவலில், அதாவது அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியே வடிகட்டும் முறையில், நீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்புக் கரைசல்தான் சிக்கல். அதை முழுக்கக் கொதிக்கவைத்து உப்பாக்க முயன்ற ஆவியாக்கிகள் திணறின. அந்தக் கரைசலையே சுத்தப்படுத்திச் சாயமேற்றும் தொட்டிக்குத் திருப்பி அனுப்பலாம், அங்கே எப்படியும் உப்பு தேவைதானே என்ற யோசனை அருள்புரம் நிலையத்தில் முதலில் சோதிக்கப்பட்டது. ஒரு நிலையத்தில் ஓடிய பிறகே மற்ற நிலையங்களுக்கு அந்த வழி திறந்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கடன் முக்கியம்தான். ஆனால் எதற்குக் கடன் என்று காட்ட ஒரு நிலையம் இருந்தது என்பதே கணக்கை மாற்றியது என்பது என் கணிப்பு.

கழிவு மணலுக்கு இதையே செய்யலாம். ஒரு பட்டறையின் மணலை எடுத்துப் பக்கத்துக் கல்லூரியில் தரைக்கல் வார்த்துப் பாருங்கள். அழுத்த வலிமையும், மழைநீரில் எது கரைந்து வருகிறது என்ற கசிவுநீர்ச் சோதனையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்யுங்கள். பசை கலந்த மணலையும் களிமண் கலந்த மணலையும் ஒரே குவியலாகச் சேர்க்காதீர்கள். இரண்டின் நடத்தையும் வேறு; கலந்துவிட்டால் அறிக்கை எதற்கும் பயன்படாது. பட்டறையிலேயே தனித்தனிக் குவியல் போடப் பழக்குவதற்கே சில மாதம் பிடிக்கும், அதனால் இந்த வேலையைக் கூட்டத்துக்கு வெகுமுன்பே தொடங்குங்கள்.

பணத்துக்குத் தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் இருக்கிறது. ஆரம்ப ஆய்வுக்கு 2 லட்சம் ரூபாய் வரை ஒன்று, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை இன்னொன்று. சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்கத் துடிக்காதீர்கள். ஆர்வமுள்ள ஒரு பட்டறையை முன்னால் நிறுத்தி, கிடைத்த முடிவை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எழுதி வாங்காவிட்டால் வெற்றி பெற்றதும் அது அவருடைய ரகசியமாகிவிடும்.

7. ஒரு பக்கக் குறிப்பு

இருபது பக்க அறிக்கை பின்னிணைப்பாக இருக்கட்டும். மேலே ஒரே பக்கம், இந்த வரிசையில்:

பிரச்சினை இரண்டு வரி. அளந்த எண். தடையாக இருக்கும் விதி அல்லது நிபந்தனை, அதன் எண்ணோடு. சோதனையில் கிடைத்த முடிவு. யாரிடம் என்ன உத்தரவு கேட்கிறோம். பதிலுக்குச் சங்கம் என்ன செய்யும்.

கடைசி வரியை எல்லோரும் விட்டுவிடுவார்கள். ‘அடையாளம் காட்டும் இடம் தவிர வேறெங்கும் கொட்ட மாட்டோம், மீறும் உறுப்பினரின் பெயரைச் சங்கமே தெரிவிக்கும், லோடு கணக்கை மாதம் ஒருமுறை தருவோம்’ என்று எழுதிப் பாருங்கள். அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். அவர் மேலதிகாரிக்குச் சொல்ல அவருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கேட்கும் உத்தரவின் வாசகத்தையே வரைவாக எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. அப்படியே எடுக்க மாட்டார்கள், ஆனால் திருத்துவது எழுதுவதைவிட எளிது.

8. கூட்டமும் அதற்கு முந்தைய வாரமும்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு இந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே பட்டா, முதியோர் உதவித்தொகைக்கு நடுவில் உங்கள் மணலும் ஒரு வரிசை எண் பெறும். மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளரிடம் போங்கள். பல துறை அனுமதிகளை ஒரே இடத்தில் பார்க்கும், கலெக்டர் தலைமையிலான ஒற்றைச் சாளரக் குழுவை நடத்துவது அந்த அலுவலகம்தான். பொருள் நிரலில் ஏற்ற வேண்டியவரும் அவரே.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு அதிகாரியையும் தனித்தனியாகப் பார்த்துக் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள். கலெக்டர் முன்னால் முதல்முறை கேட்கும் எந்த அதிகாரியும் ‘ஆய்வு செய்து சொல்கிறேன்’ என்றுதான் சொல்வார். வேறென்ன சொல்ல முடியும்? முன்பே படித்திருந்தால் தன் சந்தேகத்தை உங்களிடமே சொல்லியிருப்பார், நீங்களும் பதிலோடு வந்திருப்பீர்கள்.

கூட்டத்துக்கு மூன்று பேர் போதும்: பேசுகிறவர் ஒருவர், கணக்குத் தெரிந்தவர் ஒருவர், பாதிக்கப்பட்ட சிறு பட்டறைக்காரர் ஒருவர். மூன்றாமவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கேள்வி வந்தால் உண்மையான பதில் அவரிடமிருந்துதான் வரும். பத்து கார்களில் போய் இறங்குவது பலத்தைக் காட்டாது, தேர்தல் கூட்டத்தைத்தான் நினைவூட்டும். பத்திரிகைக்காரர்களை முடிவு வந்த பிறகு அழையுங்கள்.

9. நடவடிக்கைக் குறிப்பு

கூட்டத்தில் சொன்னது பேச்சு. நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதுதான் முடிவு. அன்று மாலையே, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்று அரைப்பக்கக் கடிதம் எழுதி, தொழில் மையத்தில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். குறிப்பைத் தயாரிக்கும் எழுத்தருக்கு அது கைகொடுக்கும். உங்கள் வாசகத்தில் பாதியாவது உள்ளே வரும்.

குறிப்பு வந்ததும் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘பரிசீலிக்கலாம்’ என்றால் எதுவும் நடக்காது. ‘மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அறிக்கை அளிக்க வேண்டும்’ என்றிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வரியை மேற்கோள் காட்டி நினைவூட்டல் கடிதம். போனில் கேட்பது மரியாதைக்கு, கடிதம் கோப்புக்கு. இரண்டும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தை இந்தக் கட்டத்தில் எடுக்காதீர்கள். சட்டப்படி உங்கள் உரிமைதான், ஆனால் கூடப் பேசிக்கொண்டிருக்கும் அதிகாரி அதன்பின் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

10. பொது வசதி மையம் கேட்பதானால்

மீட்பு நிலையம், சோதனைக்கூடம் போன்றவற்றுக்கு ஒரே தொழில் செய்யும் பட்டறைகளின் கூட்டத்துக்கான மத்திய அரசின் குழும மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 2022 வழிகாட்டுதலின்படி 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையான திட்டத்துக்கு 70 சதவீதமும், 10 முதல் 30 கோடி வரை 60 சதவீதமும் மத்திய மானியம். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைத் தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்; மாநிலக் குறுங்குழுமத் திட்டமும் உண்டு, சிறிய திட்டத்துக்கு அதுவே பொருந்தலாம்.

மானியத்தைப் பார்த்துத் தொடங்கினால் கெடும். உறுப்பினர்கள் சேர்ந்து இந்த மையத்துக்கென்றே ஒரு சிறப்பு நோக்க நிறுவனம் அமைக்க வேண்டும், பங்குத்தொகை போட வேண்டும். நாற்பது பேர் கை தூக்குவார்கள். காசோலை கேட்கும் நாளில் எண்ணிப் பாருங்கள். எனவே முதலில் காசோலை, பிறகு விரிவான திட்ட அறிக்கை. நிலம் யார் பெயரில் என்பதும் அறிக்கைக்கு முன்பே தீர வேண்டும். ஒரு இயக்குநரின் சொந்த இடத்தில் கட்டினால், பிற்பாடு அவர் மற்றவர்களுக்கு இடத்தை வாடகைக்கு விட்டவராக மட்டும் இருப்பாரா, முதலாளியாக இருப்பாரா என்று ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, இயந்திரம் வந்த பிறகு அதை ஓட்டுவது யார்? கட்டிமுடித்த மையங்கள் பூட்டிக் கிடப்பது பணமில்லாமல் அல்ல. மேலாளர் இல்லாமல், டன்னுக்கு என்ன கட்டணம் என்று முடிவாகாமல், பெரியவர் லோடுக்கு முன்னுரிமை கொடுத்துச் சிறியவர் வராமல் போய். மாதம் எத்தனை டன் தருவோம் என்று ஒவ்வொரு உறுப்பினரும் கையெழுத்திட்ட கடிதத்தை வாங்கி, அந்த டன்னுக்கு ஏற்ற இயந்திரத்தை மட்டும் கேளுங்கள். ஆலோசகர்கள் பெரிய இயந்திரத்தைத்தான் எழுதுவார்கள், அவர்கள் கட்டணம் திட்டச் செலவோடு ஏறுவதால்.

11. அதிகாரி மாறினால்

மாறுவார். உங்கள் கோப்பு பாதியில் இருக்கும்போதுதான் மாறுவார். புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் வாழ்த்துச் சொல்லப் போகும்போது அதே ஒரு பக்கக் குறிப்பு, நடவடிக்கைக் குறிப்பின் நகல், நினைவூட்டல் கடிதங்கள், சோதனை அறிக்கை ஆகியவற்றைத் தேதி வரிசையில் கட்டிக் கொண்டுபோங்கள். ‘முன்பிருந்தவர் ஒத்துக்கொண்டார்’ என்று வாயால் சொல்லாதீர்கள். அவர் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

மூன்று கூட்டங்களில் ஒரே பதில் வந்தால் மாவட்டத்தில் முடியாத விஷயம் என்று அர்த்தம். அதே கட்டோடு தொழில் வணிக ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். மாவட்டத்தில் என்ன பேசினோம், எந்த வரியில் நின்றது என்ற குறிப்பை மேலே வைத்துக் கொடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.